பெரியம்மாவின் சிவப்புக் கண்கள்

சில்வண்டுக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நன்றாகவே தெரியும். அதிலும் அந்தச் செவ்வாய்க்கிழமை காலைக்குப் பிறகு இன்னும் நன்றாகத் தெரியும்.

ஓயாமல் பேசுகிறவள் என்பதால் வீட்டில் அவளுக்கு வைத்த பெயர் சில்வண்டு. ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். அவள் அம்மா தினமும் விடிந்தும் விடியாத நேரத்தில் பேக்கரியிலிருந்து ரொட்டி ஏற்றிக்கொண்டு, மலைப்பாதையில் போய், உச்சியில் இருக்கும் ஆஸ்பத்திரியில் இறக்குவார். பள்ளிக்கூடமும் அங்கேதான். அதனால் சில்வண்டும் கூடவே தொற்றிக்கொள்வாள்.

வண்டி ஒரு பழங்காலத்துப் பிக்கப். அம்மாவைவிடப் பதினைந்து வயது மூத்தது. அதனால் அதற்குப் ‘பெரியம்மா’ என்று பெயர். பெரியம்மாவின் என்ஜின் கெட்டி, கதவு கெட்டி, ஹாரன் அடித்தால் தெருவே எழுந்து உட்காரும். பின் விளக்குகள் மட்டும்தான் நோஞ்சான். கோட்டுப் பொத்தான் அளவில் இரண்டே இரண்டு. அதிலும் ஒன்று மனசு வந்தால்தான் எரியும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மலையில் மூடுபனி. எதிரே சாலை இல்லை, பக்கத்தில் மரம் இல்லை, எல்லாம் வெள்ளை. ஒரு வளைவில் அம்மா வேகத்தைக் குறைத்தார்.

பின்னால் ஏதோ மூச்சு விட்டது.

‘உஸ்ஸ்ஸ்...’

சில்வண்டு திரும்பிப் பார்த்தாள். பின்பக்கக் கண்ணாடியில் பனியைத் தவிர ஒன்றுமில்லை. அடுத்த நொடி அந்தப் பனிக்குள்ளிருந்து ஒரு பெரிய இரும்பு முகம் வந்து கண்ணாடி முழுவதையும் நிறைத்தது. டயர்கள் கிறீச்சிட்டன. சில்வண்டு கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

நல்ல வேளை, இடிக்கவில்லை. ஒரு லாரி, பெரியம்மாவின் முதுகுக்கு ஒரு முழம் தள்ளி நின்றிருந்தது. அதன் காற்று பிரேக்தான் அப்படி மூச்சு விட்டிருந்தது.

லாரி டிரைவர் இறங்கி வந்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “ஏம்மா, வண்டியா இது? எனக்கு வண்டியே தெரியலம்மா. அந்தரத்துல ஒரே ஒரு சிவப்புப் புள்ளி மிதந்துச்சு.”

“அது எங்க பின் லைட்டு அண்ணே,” என்றார் அம்மா.

“நான் வேற என்னமோன்னு நினைச்சுட்டேன்.”

“என்னன்னு நினைச்சீங்க?” என்று சில்வண்டு கேட்டாள்.

“வேண்டாம் பாப்பா. காலங்காத்தால அதையெல்லாம் சொல்லக்கூடாது.”

அன்றைக்குச் சாயங்காலமே வீட்டில் முடிவாகிவிட்டது. பெரியம்மாவுக்குப் புதுப் பின் விளக்குகள் போட வேண்டும். பெரியவை. பனியில் தூரத்திலிருந்தே தெரிகிறவை. சாசர் அகலத்தில், பளபளக்கும் இரும்புக் கூட்டோடு இரண்டு விளக்குகளை அம்மா தேடிப் பிடித்து வாங்கி வந்தார். அவற்றை மாட்டுகிற வரைக்கும் அம்மா பேக்கரி முதலாளியின் வேனைக் கேட்டு வாங்கி ஓட்டினார்.

இந்த இடத்தில் அப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அப்பா ஒரு பெயிண்டர். அசையாமல் நின்றால் ஆளுக்கே பெயிண்ட் அடித்துவிடுவார் என்று அம்மா கேலி செய்வார். பழைய விளக்குகளைக் கழற்றியதும் பெரியம்மாவின் பின்பக்கம் துருவேறிக் கிடந்ததைப் பார்த்தார். அப்பாவுக்குக் கை பரபரத்தது.

“சும்மா ரெண்டு நாள் வேலை,” என்றார்.

ஐந்து நாள் ஆனது. மூன்று பூச்சு. மூலை, முடுக்கு, போல்ட் போகிற ஓட்டை, அதன் உள்பக்கம், எதையும் விடவில்லை. “ஒரு ஊசி முனை இரும்பு வெளியே தெரியட்டும், என் பேரை மாத்திக்கிறேன்!” என்று சவால் விட்டார். பெரியம்மா கல்யாணப் பெண்ணைப்போல மின்னினாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் விளக்குகளை மாட்ட ஷாக் மாமா வந்தார். அவர் அம்மாவின் தம்பி. வீடுகளுக்கு ஒயரிங் செய்கிறவர். ஷாக் அடித்து அடித்துத் தலைமுடி நட்டுக்குத்தலாக நின்றுவிட்டது என்று ஊருக்குள் பேச்சு. வண்டி வேலை அவருக்குப் புதிது.

“இதெல்லாம் எனக்கு ஜுஜுபி அக்கா,” என்றார். “பழசுல எந்தெந்த ஒயர் வந்துச்சோ, அதையே புதுசுல மாட்டுறேன். அவ்வளவுதான்.”

மாட்டி முடிக்கும்போது வெளிச்சம் மங்கிவிட்டது. மலையிலிருந்து பனி இறங்கி முற்றத்துக்குள் வந்துகொண்டிருந்தது. அம்மா டிரைவர் சீட்டில் ஏறினார். அப்பாவும் மாமாவும் பின்னால் நின்றார்கள். சில்வண்டு வண்டிக்கு முன்னால் நின்றாள்.

“அக்கா, பிரேக்கை மிதி!”

அம்மா மிதித்தார். பின்னால் இருட்டு.

ஆனால் முன்னால் பெரியம்மா மெதுவாகக் கண் திறந்தாள்.

ஆமாம், முன்பக்கத்தில் இருக்கிற சின்ன விளக்குகள் இரண்டும், யாரும் சுவிட்சைத் தொடாமலேயே, மங்கலான மஞ்சளாக எரிந்தன. தூக்கக் கலக்கத்தில் ஒரு ஆள் பாதிக் கண்ணால் பார்ப்பதைப்போல அவை சில்வண்டைப் பார்த்தன.

“அம்மா! முன்னாடி கண்ணைத் திறக்குது!”

“என்னடி உளர்றே?” அம்மா காலை எடுத்தார். கண் மூடிக்கொண்டது. மறுபடி மிதித்தார். மறுபடி திறந்தது.

ஷாக் மாமா ஓடி வந்து பார்த்தார். அவருடைய முடி இன்னும் ஒரு அங்குலம் உயர்ந்தது. “பல்பு சரி. ஒயர் சரி. பாட்டரி சரி. பின்னாடி மிதிச்சா முன்னாடி முழிக்குதுன்னா...” குரலைத் தாழ்த்தினார். “அத்தான், பழைய வண்டி. எத்தனை பேரு ஓட்டினதோ. ஏதோ ஒண்ணு உள்ளேயே தங்கிடுச்சு.”

“போடா மச்சான், பேயாவது பிசாசாவது!” என்றார் அப்பா. ஆனால் அவரும் இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டார்.

பின் விளக்குக்கான சுவிட்சைப் போட்டுப் பார்த்தார்கள். முன்னால் சின்ன விளக்குகள் எரிந்தன; பின்னால் எரியவில்லை. தட்டினார்கள், குலுக்கினார்கள், ம்ஹூம். மாமா பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

“நாளைக்கு மறுநாள் வரேன் அக்கா. பகல்ல.”

“நாளைக்குக் காலையில நான் மலையேறணுமேடா!”

“முதலாளி வேன்?”

“அது இன்னிக்கு வரைக்கும்தான். நாளையிலேருந்து அவங்களுக்கே வேணும்.”

மாமா பனிக்குள் நடந்து மறைந்தார்.

உள்ளே போனதும் அப்பா மெதுவாகக் கேட்டார். “நாளைக்கு ஒரு நாள் போகாம இருந்தா என்ன?”

“நூத்தம்பது பேர் படுத்திருக்காங்க அங்கே. வெறும் வயித்தோடவா மாத்திரை போடுவாங்க? லைட்டு எரிஞ்சாலும் எரியாட்டியும் போய்த்தான் ஆகணும்.” அம்மா சில்வண்டின் பக்கம் திரும்பினார். “நீ நாளைக்கு என்கூட வர வேண்டாம். பனி விலகினதும் பஸ்ல போய்க்கலாம்.”

சில்வண்டு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அப்படியானால் அம்மாவுக்கே பயம்தான். அந்த இரும்பு முகம் மறுபடி வரும்போது அம்மா தனியாக இருப்பார்.

“ஐயய்யோ, பின் லைட்டு சுவிட்சை அணைக்க மறந்துட்டோம்,” என்றார் அம்மா. “பாட்டரி போயிடும். ஒரு ஓட்டம் ஓடி அணைச்சிட்டு வா, கண்ணு.”

சில்வண்டு வாசலைத் தாண்டினாள். முற்றம் முழுக்கப் பனி. வீட்டுக்கு முதுகைக் காட்டி நிற்கும் பெரியம்மா எங்கே என்பதே தெரியவில்லை. காற்று வீசியது.

‘கிணிங்.’

பனிக்குள் ஒரு சிவப்புக் கண் பளிச்சென்று திறந்து மூடியது.

சில்வண்டின் கால் தரையில் ஒட்டிக்கொண்டது.  

காற்று மறுபடி வீசியது. ‘கிணிங்.’ சிவப்பு. இருட்டு. ‘கிணிங், கிணிங்.’ சிவப்பு, சிவப்பு. சங்கிலிச் சத்தம்! பேய் சங்கிலியை இழுத்துக்கொண்டுதானே வரும்?

வீட்டுக்குள் ஓடிவிடலாம். ஆனால் ஓடினால் நாளைக்கு அம்மா? அவள் தன் நெஞ்சில் தானே ஒரு தட்டுத் தட்டிக்கொண்டாள்.

“பெரியம்மா, நான்தான். உங்க பொண்ணு மாதிரி. என்னை ஒண்ணும் பண்ணிடாதீங்க,” என்று முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொரு அடியாக நடந்தாள்.

கிட்டே போனதும் பார்த்தாள். பின் கதவைத் தாங்குகிற சங்கிலி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. ஆடி ஆடி, இடது பக்கப் புது விளக்கின் இரும்புக் கூட்டில் போய் இடித்தது. இடிக்கும்போது விளக்கு எரிந்தது. விலகும்போது அணைந்தது.

மெல்லக் கையை நீட்டிச் சங்கிலியைப் பிடித்தாள். பிடித்து விளக்கின் மேல் வைத்தாள். பளிச்! எடுத்தாள். இருட்டு. வைத்தாள். பளிச்!

“அட! பேய் நான் சொன்னபடி கேக்குதே!”

பயம் பாதி போய், மீதி இடத்தில் யோசனை வந்து உட்கார்ந்தது. பள்ளிக்கூடத்தில் டார்ச் பாட்டரியையும் பல்பையும் வைத்து டீச்சர் காட்டியது நினைவுக்கு வந்தது. மின்சாரம் பல்புக்குப் போனால் மட்டும் போதாது, பாட்டரிக்குத் திரும்பி வரவும் வழி வேண்டும். சில்வண்டு குனிந்து விளக்கின் பின்பக்கம் பார்த்தாள். பின் விளக்குக்கு ஒரு ஒயர். பிரேக்குக்கு ஒரு ஒயர். இரண்டுமே போகிற வழி. வருகிற வழி எங்கே?

சங்கிலி எங்கிருந்து தொங்குகிறது என்று தடவிப் பார்த்தாள். வண்டியின் உடம்பில் இருக்கும் ஒரு கொக்கியிலிருந்து. காற்றில் ஆடி ஆடிச் சங்கிலி உரசி அந்தக் கொக்கியில் மட்டும் பெயிண்ட் போயிருந்தது. இரும்பு பல்லைக் காட்டியது.

“அப்பாஆஆ!”

அந்தக் கூச்சலில் அப்பா ஒரு செருப்போடும் அம்மா கரண்டியோடும் ஓடி வந்தார்கள்.

“அப்பா, பேய் நீங்கதான்!”

“என்னது?”

“பெரியம்மாவோட உடம்புதான் மின்சாரம் திரும்பி வர்ற வழி. விளக்கு இரும்பு, வண்டி இரும்பு, ரெண்டும் ஒட்டணும். நடுவுல நீங்க மூணு பூச்சு அடிச்சு வழியை அடைச்சிட்டீங்க! அது போக வழி இல்லாம, பின் லைட்டு ஒயரோட சேர்ந்திருக்கிற முன் லைட்டு வழியா சுத்திப் போகுது. முன் லைட்டை நீங்க கழட்டலை, அங்கே பெயிண்டும் அடிக்கலையே!”

சங்கிலியை வைத்தும் எடுத்தும் காட்டினாள். அம்மா கரண்டியைக் கீழே போட்டுவிட்டார். அப்பா குனிந்து போல்ட்டைத் தடவிப் பார்த்தார்.

“அப்ப... என் பெயிண்டைச் சுரண்டணுமா?”

“கட்டை விரல் நகம் அளவுக்குத்தான் அப்பா. போல்ட்டுக்கு அடியில. வெளியே தெரியவே தெரியாது.”

“பிள்ளை மாதிரி பார்த்துப் பார்த்து அடிச்சேனே...”

“என்னங்க,” என்றார் அம்மா. அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. அப்பா ஸ்பேனரும் உப்புத்தாளும் எடுத்து வந்தார்.

அம்மா டார்ச் பிடித்தார். அப்பா போல்ட்டைக் கழற்றி, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். “நீயே தேய்ச்சிடு. என்னால பாக்க முடியாது.” சில்வண்டு நாக்கைக் கடித்துக்கொண்டு தேய்த்தாள். பூச்சு ஒன்று, இரண்டு, மூன்று. வெள்ளையாக இரும்பு தெரிந்தது. அடுத்த பக்கமும் அப்படியே. அப்பா துரு பிடிக்காமல் இருக்கக் கொஞ்சம் கிரீஸ் தொட்டு வைத்து, போல்ட்டை முறுக்கினார்.

அம்மா சுவிட்சை அணைத்துவிட்டுப் பிரேக்கை மிதித்தார். முன் கண்கள் மூடியே இருந்தன. பின்னால் இருந்த பனி மொத்தமும் சிவந்துபோனது.

“நாளைக்கு நானும் வருவேன்,” என்றாள் சில்வண்டு. அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை.

மறுநாள் காலை, செவ்வாய்க்கிழமை பார்த்ததைவிட மோசமான பனி. பாதி மலை ஏறியதும் சாலையின் குறுக்கே ஏதோ கருப்பாகப் படுத்திருந்தது. அம்மா பிரேக்கை ஓங்கி மிதித்தார். பெரியம்மா குலுங்கி நின்றாள். ஒடிந்து விழுந்த ஒரு பெரிய மரக்கிளை.

அப்போது பின்னால் அந்தச் சத்தம் கேட்டது.

‘உஸ்ஸ்ஸ்...’

சில்வண்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அம்மாவின் கை சில்லிட்டிருந்தது. காலைப் பிரேக்கிலிருந்து அம்மா எடுக்கவேயில்லை. பின்பக்கக் கண்ணாடியில் சிவப்புப் பனி. அதற்குள்ளிருந்து எந்த முகமும் வரவில்லை. ஒன்றுமே வரவில்லை.

“என்னம்மா, முன்னாடி ஏதாவது கிடக்கா?” எங்கிருந்தோ ஒரு குரல் வந்தது.

“மரக்கிளை!” என்று அம்மா கத்தினார். “நீங்க எங்கே நிக்கறீங்க?”

“பின்னாடிதாம்மா லாரியை நிறுத்தியிருக்கேன். உங்க சிவப்பைப் பாத்ததும் மிதிச்சிட்டேன்.”

சில்வண்டு ஜன்னலை இறக்கினாள். “லாரி மாமா, அங்கேயிருந்து எங்க வண்டிக்கு நடந்து வாங்களேன். ஒவ்வொரு அடியா எண்ணிக்கிட்டே!”

பனிக்குள் சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு அந்தக் குரல் எண்ண ஆரம்பித்தது. ஒண்ணு. ரெண்டு. மூணு. பத்து வந்தது, ஆளைக் காணோம். இருபது வந்தது, ஆளைக் காணோம். எண் ஏற ஏற அம்மாவின் கையில் சூடு திரும்பியது. முப்பது தாண்டியதும் அம்மா சீட்டில் சாய்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் சிரித்தார்.

“நாப்பத்தொண்ணு!” ஜன்னலோரம் வேறொரு லாரி டிரைவரின் வயதான முகம் வந்து நின்றது. “ஏன் பாப்பா எண்ணச் சொன்னே?”

“அம்மா கேக்கறதுக்கு,” என்றாள் சில்வண்டு.

மூன்று பேரும் சேர்ந்து கிளையை இழுத்து ஓரமாகப் போட்டார்கள். அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு ரொட்டி கால் மணி நேரம் தாமதமாகப் போனது. ஆனால் கதகதப்பாகத்தான் போனது.