நிமிடத்துக்கு எண்பத்து நான்கு

வயிற்றுக்குள் இருக்கிற குழந்தையின் இதயம் அவ்வளவு மெதுவாக அடிக்காது.

வீரலட்சுமி மரக்குழலின் அகன்ற வாயைப் பொன்னுத்தாயியின் தொப்புளுக்குக் கீழே இடப்பக்கமாக ஊன்றி, மறுமுனையில் காதை அழுத்திக் குனிந்திருந்தாள். பொன்னுத்தாயிக்கு எட்டாம் மாதம். மாசி வெயில் ஓட்டுக் கூரையில் இறங்கி அறைக்குள் வேப்பெண்ணெயும் பழந்துணியும் கலந்த ஒரு வெக்கையாகத் தங்கியிருந்தது. பதினெட்டு வருடமாகப் பிரசவ நர்சாக இருப்பவள் அவள். குழந்தையின் துடிப்பு எப்படிக் கேட்கும் என்பது அவள் காதுக்குப் பழக்கம். தூரத்து வீட்டில் யாரோ விடாமல் அவல் இடிப்பது போல நிமிடத்துக்கு நூற்று நாற்பது வரும்.

இது வேறு மாதிரி வந்தது. இரண்டு தட்டு. அதன் பின்னால், திருகைக் கல்லில் தானியம் அரைபடுவது போல ஒரு தேய்ப்பு. பிறகு சிறிய இடைவெளி. மறுபடியும் இரண்டு தட்டு, தேய்ப்பு. கடிகாரத்தைப் பார்த்து முழு நிமிடம் எண்ணினாள். எண்பத்து நான்கு.

தாயின் ரத்தக்குழாய் துடிப்பது சில சமயம் குழலில் ஏறிவிடும். பொன்னுத்தாயியின் மணிக்கட்டைப் பிடித்து அதையும் எண்ணினாள். எழுபத்தாறு.

"என்ன நர்சம்மா, ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறீக?"

பொன்னுத்தாயி கூரையைப் பார்க்கவில்லை, குழலைப் பார்க்கவில்லை. நர்சின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் குழந்தை ஏழாம் மாதத்தில் அசைவற்று வந்தது. இரண்டாவது ஒரு பகலும் ஓர் இரவும் இருந்தது. இது மூன்றாவது.

வீரலட்சுமி மறுபடி குழலை வைத்தாள். அவல் இடிக்கும் ஓசை கேட்டது. நூற்று நாற்பது. வேறெதுவும் இல்லை.

"நல்லாத்தான் இருக்கு தாயி" என்றாள். பதிவேட்டிலும் அப்படியே எழுதினாள்.

கண்மாய்க் கரையோடு, தான் வேலை பார்க்கும் சுகாதார நிலையம் இருந்த நாச்சியாபுரத்துக்கு நடந்து வரும் வழியில், பாதித் தூரத்தில், அந்த ஓசையைத் தனக்கு முன்பே தெரியும் என்பது நினைவுக்கு வந்தது. கால்கள் நின்றன. கரையின் மறுபுறம், கருவேல மரங்களுக்கு நடுவில், பொன்னுத்தாயி ஊரின் இடுகாடு இருந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பாமல் நடந்தாள்.

முத்தழகு அவளுடைய ஒரே மகள். பன்னிரண்டு வயதில் தொண்டை வலியோடு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விட்ட பிறகு முழங்கால் வீங்கியது. வீக்கம் கணுக்காலுக்கும் முழங்கைக்குமாக இடம் மாறி, ஒரு மாதத்தில் தானாகவே வற்றிவிட்டது. ஆனால் இதயத்துக்குள் ஒரு வால்வு தழும்பேறிச் சுருங்கிவிட்டதென்று மதுரையில் சொன்னார்கள். ரத்தம் அந்தக் குறுகிய வாசலில் உராய்ந்துகொண்டு போகிறது, அந்தச் சத்தம்தான் கேட்கிறது என்றார்கள். மறுபடி அந்தக் காய்ச்சல் வராதிருக்க இருபத்தோரு நாளைக்கு ஒரு பெனிசிலின் ஊசி, இருபத்தைந்து வயது வரை. ஒன்றுகூடத் தவறக் கூடாது.

ஊசியை வீரலட்சுமியே போட்டாள். ஊசி ஏறும்போது முத்தழகு தாயின் முந்தானையைக் கடித்துக்கொண்டு மூச்சை அடக்குவாள். மூன்று எண்ணிய பிறகுதான் விடுவாள். வீட்டில் ஸ்டெதஸ்கோப் கிடையாது. பிரசவத்துக்கு வைத்திருந்த மரக்குழலை மகளின் மார்பில் வைத்துத் தினமும் எண்ணுவாள். எண்பத்து நான்கு. எப்போதும் அதுதான்.

"எங்கம்மா என் நெஞ்சுக்குள்ள புள்ளையத் தேடுது" என்று முத்தழகு பக்கத்து வீடுகளில் சொல்லிச் சிரிப்பாள்.

பதினைந்தாம் வயதில் முளைப்பாரி தூக்க ஆசைப்பட்டாள். பொன்னுத்தாயி வாழ்க்கைப்பட்ட இந்த ஊர்தான் வீரலட்சுமி பிறந்த ஊர். சித்திரையில் அம்மனுக்குக் காப்புக் கட்டினால் எட்டு நாள் ஊர்க்காரர் யாரும் எல்லை தாண்டக் கூடாது. முளைப்பாரி போட்ட பெண்ணின் உடம்பில் இரும்பு படக் கூடாது. நகம்கூட வெட்டுவதில்லை. செவ்வாய் காப்புக் கட்டினார்கள். வியாழன் ஊசி போட வேண்டிய நாள். மருந்துப் புட்டி வீரலட்சுமியின் பையிலேயே இருந்தது. ஊரெல்லாம் போய் அம்மை குத்திக்கொள்ளச் சொல்லிச் சண்டை போடுகிறவள், தன் சொந்தக்காரர்களுக்கு முன்னால் விட்டுக்கொடுத்தாள். எட்டு நாள்தானே என்றாள். அவள் வாயால்தான் சொன்னாள்.

முளைப்பாரிச் சட்டிகள் வைத்த இருட்டு அறையில் முப்பது பெண்கள் ஒன்றாகப் படுத்தார்கள். பலருக்குத் தொண்டை வலி. ஊசி தள்ளிப்போன அந்த நாட்களில் மகளுக்கு அந்தக் காய்ச்சல் திரும்ப வந்தது. ஆடி பிறந்தபோது முத்தழகு படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்தே கிடந்தாள். கால் வீங்கிப் பளபளத்தது. கடைசி நாள் மரக்குழல் அவள் மார்பில்தான் இருந்தது. அந்தத் தேய்ப்பு நின்றபோது ஒரு கணம் தனக்கு நிம்மதியாக இருந்ததை வீரலட்சுமி யாரிடமும் சொன்னதில்லை.

அது அறுபத்தாறாம் வருடத்தில். மூன்று வருடம் ஆகப்போகிறது. போடாத அந்த ஊசியின் புட்டி இன்னமும் அவள் பையின் அடியில் ஒரு துணியில் சுற்றிக் கிடந்தது.

அடுத்த முறை போனபோது பொன்னுத்தாயியின் மாமனார் பெரியகருப்பன் முற்றத்துக் கட்டிலில் படுத்திருந்தார். எண்பதை நெருங்கியவர். கால் கனக்கிறது, நடந்தால் மூச்சு முட்டுகிறது என்றார். அவள் குழலை அவர் மார்பில் வைத்தாள்.

"வயித்துல வைக்கிறத என் நெஞ்சுல வைக்கிறீகளே. எத்தனாம் மாசம்னு பாத்துச் சொல்லுங்க நர்சம்மா" என்றார் கிழவர்.

மணிக்கட்டில் நாடி ஐம்பத்தாறு. நடுநடுவே ஒன்று விட்டுப்போயிற்று. எண்பது வருடம் இறைத்த இதயம் அப்படித்தான் இருக்கும். ஆனால் குழலுக்குள் கேட்டது அந்த நாடி அல்ல. இரண்டு தட்டு, ஒரு தேய்ப்பு. அவள் விரல் ஒரு கணக்கும் காது வேறொரு கணக்கும் சொல்லின. ஒரே உடம்பு. விரலை எடுக்கவும் தோன்றாமல், காதை எடுக்கவும் தோன்றாமல் அப்படியே குனிந்திருந்தாள். பிறகு, ஜன்னலில் எட்டிப் பார்த்த ஒருவர் உள்ளே போய்விடுவது போல, அது விலகியது. கிழவரின் தளர்ந்த துடிப்பு திரும்ப வந்தது.

அதற்குப் பிறகு எங்கும் கேட்டது. நாச்சியாபுரத்தில் மூன்று மாதக் கைக்குழந்தையின் மார்பில். அம்மை குத்திக்கொள்ள வந்த எட்டு வயதுச் சிறுமியின் மார்பில். நிறைமாதத்துக்காரிகளின் வயிற்றில். வயதுக்கு வயது இதயத்தின் வேகம் மாறும் என்று மதுரையில் பயிற்சியின்போது படித்திருந்தாள். கருவில் நூற்று நாற்பது, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்குத் தொண்ணூறு, வளர்ந்தவர்களுக்கு எழுபத்திரண்டு. இந்தத் துடிப்பு மட்டும் எந்த வயதிலும் மாறவில்லை. அதற்கு வயது பதினைந்தோடு நின்றிருந்தது. ஒவ்வொரு உடம்பாக நுழைந்து, இது இல்லை என்று திரும்பிப் போனது.

சுகாதார நிலைய டாக்டரிடம் சொன்னாள். அவர் அவளுடைய காதைச் சோதித்தார், ரத்த அழுத்தம் பார்த்தார், பத்து நாள் லீவு எடுக்கச் சொன்னார். லீவு எடுக்க முடியவில்லை. பொன்னுத்தாயிக்கு நாள் நெருங்கிவிட்டது. அவள் வயிற்றில் மட்டும் அந்த ஓசை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் அதிக நேரம் தங்கியது.

பிறக்கப்போகும் பிள்ளைக்கும் அதே இதயமா? அப்படியானால் இதுவும் தங்காது. சித்திரை இரண்டாம் வாரம் பொன்னுத்தாயியின் கணவன் சேவுகனைக் கூப்பிட்டு, இப்போதே காரைக்குடி ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்க்கச் சொன்னாள். அவன் தலையைச் சொறிந்தான்.

"நேத்துக் காப்புக் கட்டிட்டாக நர்சம்மா. வயித்துப்புள்ளக்காரிய எல்லை தாண்டிக் கூட்டிப் போனா ஆகாதும்பாக." பிறகு அவளைச் சமாதானப்படுத்துகிற மாதிரி மெல்லச் சொன்னான். "எட்டு நாள்தானே."

வீரலட்சுமி தன் பையை உள்ளே கொண்டுபோய் வைத்தாள். மீதி நாளெல்லாம் அவர்கள் வீட்டிலேயே தங்கினாள்.

எட்டாம் நாள் மத்தியானம் வலி கண்டது. ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் முளைப்பாரி தூக்கி ஊர்வலம் போயிருந்தார்கள். கூப்பிட்டாலும் துணைக்கு ஆள் இல்லை. கொட்டுச் சத்தம் தெருவைச் சுற்றிச் சுற்றி வந்தது. சுவர் அதிர்ந்தது. குழலில் காதை வைத்தால் கொட்டுத்தான் கேட்டது. நல்லதுதான் என்று நினைத்தாள். வெந்நீர் ஆவியும் ரத்த வாடையும் வெளியிலிருந்து வந்த சாம்பிராணியோடு கலந்து அறையில் நின்றன. பொன்னுத்தாயி கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, நர்சின் முகத்தையே பார்த்தாள்.

நாலு மணி சுமாருக்குத் தலை தெரிந்தது.

பெண் குழந்தை. நீலம் பாரித்து வந்தது. ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு அழுதது.

அந்த முதல் அழுகையில் என்ன நடக்கும் என்பது வீரலட்சுமிக்குத் தெரியும். அதுவரை சுருண்டு கிடந்த நுரையீரல் விரியும். கொடி வழியாக வந்த ரத்தம் இனி நெஞ்சைத் தேடிப் போகும். இதயத்தின் இரண்டு பக்கங்களுக்கும் நடுவில் கருவிலிருந்து திறந்திருந்த சின்னக் கதவு சாத்திக்கொள்ளும். குழந்தை நீலம் மாறிச் சிவந்தது. குழலை அதன் மார்பில் வைத்தாள். வெளியே கொட்டு நின்றிருந்தது. நூற்று நாற்பது. சுத்தமான துடிப்பு. தேய்ப்பே இல்லை.

"இருக்குமா?" என்றாள் பொன்னுத்தாயி.

"இருக்கும் தாயி. இது இருக்கும்."

சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்தது. கொடியைக் கட்ட இரண்டு விரலால் பிடித்தாள்.

கொடி துடித்தது.

குழந்தை பிறந்த சிறிது நேரம் துடிக்கத்தான் செய்யும். அது குழந்தையின் இதயத் துடிப்பு. குழந்தையின் வேகத்தில் இருக்கும். பிறகு நின்றுவிடும். அவள் காத்திருந்தாள். நிற்கவில்லை. வேகமும் குழந்தையுடையது அல்ல. மெதுவாக. நிதானமாக. விரலுக்கு அடியில் இரண்டு தட்டு. ஒரு தேய்ப்பு.

இரண்டு இடத்தில் நூலால் இறுக்கிக் கட்டினாள். நடுவில் வெட்டினாள்.

குழந்தைப் பக்கத்துத் துண்டு அடங்கியது. மறுபக்கம் அடங்கவில்லை.

நஞ்சுக்கொடி விழுந்தது. முழுதாக. அதை வழக்கப்படி மண் சட்டியில் இட்டாள். மேலே ஒரு பிடி நெல். வேப்பிலை.

வேப்பிலை அசைந்தது.

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே வர இடம் தேடியது வெளியே நின்றுவிட்டது. சட்டியில்.

பொழுது சாயுமுன் மண்ணுக்குள் வைக்க வேண்டும். கொல்லையில் முருங்கை மரத்தடியில் சேவுகன் இறுகிய செம்பொறை மண்ணை வெட்டிக் குழி எடுத்திருந்தான். சட்டியை அவள் கையிலிருந்து வாங்கியவனின் முகம் மாறியது.

"என்ன நர்சம்மா, சட்டி கையில அதிருது?"

"கொட்டு அடிக்கிறாகள்ல. அந்த அதிர்வுதான்."

"கொட்டு நின்னு எம்புட்டு நேரமாச்சு" என்றான் சேவுகன்.

அவள் சட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். உள்ளே போய்ப் பிள்ளையைப் பார்த்துவிட்டு வா என்று அனுப்பினாள். அவன் போனான். நல்லவேளையாகத் திரும்பிப் பார்க்கவில்லை.

பையின் அடியில் துணி. துணிக்குள் புட்டி. மூன்று வருடத்துப் பொடியில் தண்ணீர் ஏற்றிக் குலுக்கினாள். கலங்கிய பால் போல ஆனது. பெரிய ஊசியில் இழுத்தாள். வேப்பிலையை விலக்கினாள்.

"ஒண்ணுமில்லடி. இந்தா, முடிஞ்சிரும்."

ஊசி இறங்கியது. துடிப்பு நின்றது.

ஒன்று. இரண்டு. மூன்று.

மறுபடி அடித்தது.

சேவுகன் சிரித்துக்கொண்டே வந்தான். பிள்ளைக்கு அவன் ஆத்தாவின் மூக்கு என்றான். சட்டியை இறக்கினான். மண்ணைத் தள்ளினான். நாய் தோண்டாமலிருக்கக் காலால் மிதித்து இறுக்கினான். அவன் ஒவ்வொரு மிதிக்கும் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நிறுத்து என்று சொல்ல ஒரு வார்த்தை தொண்டை வரை வந்தது. உள்ளே குழந்தை அழுதது. நல்ல குரல். வார்த்தையை விழுங்கினாள்.

சுவரோரம் உடைந்த திருகைக் கல் இரண்டு பாதியாகக் கிடந்தது. சேவுகன் ஒன்றின்மேல் ஒன்றாகக் குழியின் மீது அடுக்கி வைத்துவிட்டுக் கை கழுவப் போனான்.

பொழுது சாய்ந்தது. கண்மாயில் முளைப்பாரியைக் கரைத்துவிட்டு வெறுஞ்சட்டியோடு பெண்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பேச்சும் தெருவைக் கடந்து போய்விட்டது.

குழல் இல்லாமலே கேட்டது.

மேல்கல் ஒரு நூல் அளவு எழுந்தது. இறங்கியது. இரண்டு தட்டு. பிறகு, கல்லோடு கல் உராயும் ஒரு தேய்ப்பு.

முற்றத்துக் கட்டிலிலிருந்து பெரியகருப்பனின் குரல் வந்தது.

"யாரு அங்குட்டு, விளக்கு வைக்கிற நேரத்துல திருகை சுத்துறது?"

வீரலட்சுமி மண்டியிட்டாள். இரண்டு உள்ளங்கைகளையும் கல்லின்மேல் பதித்து, தன் எடை முழுவதையும் இறக்கினாள். கல் அவள் கைகளையும் தூக்கிக்கொண்டு எழுந்தது.