பின் சக்கரத்தின் எடை

காலி லாரி மூன்றாவது கியருக்கு மாற நேரமெடுத்துக்கொண்டது.

நரசிம்மலு எண்ணிப் பார்த்தார். காரமடை ரயில்வே கேட்டைத் தாண்டி ஆறு எண்ணுவதற்குள் மாறியிருக்க வேண்டும். பதினொன்று ஆயிற்று. பின்னால் ஒரு மூட்டை கிடையாது, ஒரு கூடை கிடையாது. வண்டியோ காரமடைத் தேரையே கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு போவதுபோல் முக்கி முனகி, கடைசியில் வயிற்றுக்குள் 'டொக்' என்று ஒன்று போட்டுவிட்டு, வேண்டாவெறுப்பாக மாறியது.

"என்ன அம்மணி, உனக்குங்கூட லேட்டாத்தான் கேட்டுச்சா?" என்றார், இடப்பக்கத்து சீட்டைப் பார்த்து.

சீட்டில் யாரும் இல்லை. ராமாமணி செத்து ஐந்து மாதம் ஆகியிருந்தது.

அந்த லாரியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மலைமேல் குந்தா அணைக்கட்டு வேலைக்கென்று கனடாவிலிருந்து கப்பலேறி வந்து, வேலை முடிந்ததும் ஏலத்துக்குப் போன ராட்சசன் அது. ஏலம் எடுத்தவர் மேட்டுப்பாளையம் உருளைக்கிழங்கு மண்டி வரதராஜுலு நாயுடு. அதன் மூக்கு கல்லாற்றில் இருக்கும்போது வால் மேட்டுப்பாளையம் ஸ்டேஷனில் இருக்கும் என்று மண்டியில் பேச்சு. அதில் பாதியாவது உண்மை. நீளத்தைவிட அதிசயம், அதற்குக் கிளச்சே கிடையாது. கியரைத் தானே மாற்றிக்கொள்ளும். முதலில் ஓட்டிய டிரைவர், இல்லாத கிளச்சை மிதித்து மிதித்து இடது காலில் சுளுக்கு வாங்கிக்கொண்டு பத்து நாள் படுத்துவிட்டான். அடுத்தவன், கியர்பெட்டிக்குள் வெள்ளைக்காரன் ஒருவன் ஒடுங்கி உட்கார்ந்து கியர் போடுகிறான் என்று முடிவுகட்டி, தினம் காலையில் ஒரு டம்ளர் டீயை என்ஜின் மேல் வைத்துவிட்டுத்தான் சாவியைத் தொடுவான்.

சுற்றுவட்டாரத்தில் அந்தப் பெட்டியைத் திறந்து மூடத் தெரிந்தவர் காரமடை ரோட்டில் பட்டறை வைத்திருந்த நரசிம்மலு ஒருவர்தான். லாரியோடு வந்த இங்கிலீஷ் புத்தகம் தலையணை கனத்துக்கு இருந்தது. அவருக்குப் படிக்கத் தெரியாது. ஜாக்கி எட்டாத இடத்தில் முட்டுக்கொடுக்க அதை வைத்துக்கொண்டார். "கியரு கியருதானுங்க. எந்தூர்ல செஞ்சா என்ன?" என்பார்.

கைதான் அவருடையது, காது ராமாமணியுடையது. பிள்ளைகுட்டி இல்லாத வீடு. சமையல் முடிந்ததும் அவளும் பட்டறைக்கு வந்துவிடுவாள். ரிப்பேர் முடித்து வண்டியை ஓட்டிப் பார்க்கும்போதெல்லாம் ஸ்பேனர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இடப்பக்கம் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வாள்.

"இப்ப மாறுனது லேட்டுங்க."

"உனக்கென்னடி தெரியும்?"

"நீங்க குறட்டையில எந்த எடத்துல கியர் மாத்துவீங்கன்னே எனக்குத் தெரியும். இந்த வண்டி எம்மாத்திரம்?"

அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆக்சிலேட்டரிலிருந்து பெட்டிக்குப் போகும் கம்பியை அவர் அரைச் சுற்று திருகுவார். வண்டி வெண்ணெயாக மாறும்.

மாசி மாதம் ஒரு காலையில் அப்படித்தான் மலைக்கு ஓட்டிப் பார்க்கப் போனார்கள். கல்லாறு தாண்டி மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் ரேடியேட்டர் கொதித்தது. ஏற்றத்திலேயே நிறுத்தி, கியரில் போட்டு, என்ஜினை அணைத்தார். அந்த மலையில் எல்லா லாரிக்காரர்களும் அப்படித்தான் நிறுத்துவார்கள். கியரில் கிடந்தால் என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். கைபிரேக்கை நம்பி நிறுத்துகிறவனுக்கு மேட்டுப்பாளையத்தில் யாரும் பெண் கொடுக்கமாட்டார்கள்.

"எதுக்கும் ஒரு கல்லு வெச்சுர்றேனுங்க," என்று ராமாமணி இறங்கிப் பின்னால் போனாள்.

"கியர்ல கெடக்குது அம்மணி. யானை தள்ளுனாலும் நவுராது," என்று சொல்லிவிட்டு பிரேக்கிலிருந்து காலை எடுத்தார்.

வண்டி பின்னோக்கிப் பதினைந்தடிதான் உருண்டது. பிறகு தடுப்புச் சுவரில் இடித்து நின்றது. அவர் ஓடிப்போய்ப் பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

பதினாறாம் நாள் துக்கம் கேட்க வந்த குந்தா ஃபிட்டர் ஒருவன், அவருக்கு ஏற்கனவே தெரிந்துதான் இருக்கும் என்கிற நினைப்பில் சொன்னான்: "என்ஜின் ஓடுனாத்தானுங்க அந்தப் பெட்டிக்குள்ள எண்ணெய் அழுத்தம். என்ஜின் நின்னுபோச்சுன்னா அதுக்குக் கியரே இல்லீங்க. வண்டி சும்மா உருளும். புத்தகத்துல மொதப் பக்கத்துலயே போட்டிருக்குதுங்களே!"

அன்று இரவு நரசிம்மலு அந்தப் புத்தகத்தை ஜாக்கிக்கு அடியிலிருந்து எடுத்துத் துடைத்து, முதல் பக்கத்தைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். கறுப்பு எறும்புகளாக எழுத்து. ஒன்றுகூட அவரிடம் வாய் திறக்கவில்லை.

இப்போது வண்டி தாமதமாக மாறுகிறது. அவருக்குத் தெரிந்த வைத்தியம் எல்லாம் செய்தார். என்ஜின் ஓடிக்கொண்டிருக்க, சூட்டோடு அளவுக்கம்பியை உருவி எண்ணெய் பார்த்தார்; அளவு சரி. வடித்தார், எண்ணெய் கருகவில்லை. அடித்தட்டைக் கழற்றி, எண்ணெய் வடிகட்டும் வலையைப் பெட்ரோலில் அலசி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு தூசு இல்லை. கம்பியை இந்தப் பக்கம் திருகினார், அந்தப் பக்கம் திருகினார். பதினொன்று பதினான்கு ஆயிற்று. பதினான்கு இருபது ஆயிற்று. கூடவே ஒரு சத்தம். வண்டி போகும்போது மட்டும், பின்னாலிருந்து, ஈரச்சாக்கை சிமெண்டுத் தரையில் இழுத்துக்கொண்டு போவதுபோல. நிறுத்தினால் சத்தம் நின்றுவிடும். ஆனால் வண்டி நின்ற மறுநொடியே அல்ல. ஒரு மூச்சு கழித்து.

ஒருநாள் சிறுமுகை ரோட்டில் போய்க்கொண்டிருக்கும்போது அவருக்கு உறைத்தது. பெட்டியில் ஒரு கோளாறும் இல்லை. பாரத்தை உணர்ந்து மாறுகிற பெட்டி அது. பாரம் இருப்பதால்தான் தாமதமாக மாறுகிறது.

"வந்துட்டியா?" என்றார் இடப்பக்கம் பார்த்து.

ஐந்து டன் வண்டிக்கு அவளுடைய நாற்பத்தைந்து கிலோ ஒரு பாரமா என்று எந்த மெக்கானிக்கும் கேட்பான். நரசிம்மலு கேட்கவில்லை. அன்றிலிருந்து, ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று சாக்குச் சொல்லிச் சொல்லி வண்டியை எடுத்தார். கோயமுத்தூர்வரை போனார், கருமத்தம்பட்டிவரை போனார். ஒரு முழம் பூ வாங்கிச் சீட்டில் வைத்தார். பட்டறைக் கதை, பக்கத்து வீட்டுக் கதை, சாம்பாரில் தான் உப்பை இரண்டு தடவை போட்ட கதை எல்லாம் சொல்லிச் சிரித்தார். ஐந்து மாதத்தில் அவர் சிரித்தது அந்த வண்டிக்குள் மட்டும்தான்.

சனிக்கிழமை வரதராஜுலு பட்டறைக்கே வந்துவிட்டார்.

"நரசிம்மலு, திங்கக்கெழம வண்டி கோயமுத்தூர் போவுது. அந்தப் பெட்டியப் புடுங்கி எறிஞ்சுபோட்டு நம்மூரு கியர்பாக்ஸ மாட்டச் சொல்லிப்போட்டேன்."

"இன்னொரு மாசம் குடுங்க. செரி பண்ணிப்போடறேன்."

"போன மாசமும் இதே பாட்டுத்தான். காலி வண்டி செனை மாடாட்டம் மூச்சு வாங்குது! மண்டியில சிரிக்கறாங்கப்பா. உன் மனசு ஒடிஞ்சு கெடக்குது, எனக்குத் தெரியாமயா? அதுக்குன்னு நானும் கூட உக்காந்து அழுதா கெழங்கு அழுகிப்போவும்."

"பெட்டி மேல தப்பு ஒண்ணுமில்லீங்க..."

"அப்பப் பின்ன யாரு மேல?"

நரசிம்மலு வண்டிப் பக்கம் திரும்பிக்கொண்டார். மற்ற வண்டிகள் டிரைவர் கை சொன்னபடி மாறும். பாரம் இன்னதென்று தானே உணர்வது இந்தப் பெட்டி ஒன்றுதான். இதைப் பிடுங்கி எறிந்துவிட்டால், அப்புறம் ராமாமணி ஏறி உட்கார்ந்தாலும் அவருக்கு எப்படித் தெரியும்?

ஞாயிற்றுக்கிழமை மதியம் எடைமேடைக்கு வண்டியை ஓட்டிப் போனார். அவளுடைய எடையை ஒரே ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும். எடைமேடைக்காரர் அரங்கசாமி தூக்கத்திலிருந்து எழுந்து வந்தார். மேடை சின்னது. முன்சக்கரத்தைத் தனியாக நிறுத்த வேண்டும், பின்சக்கரத்தைத் தனியாக. போன வருசத்துக் காலி எடை அவருடைய நோட்டில் இருந்தது.

"முன்னாடி அப்பிடியே இருக்குதுங்க. ஒரு கிலோகூட ஏறுல."

நரசிம்மலுவின் முகம் வாடிவிட்டது. அவள் உட்காருவது முன்னாடிதான்.

பின்சக்கரம் மேடையில் ஏறியது. அரங்கசாமி எடைக்குண்டை நகர்த்தினார். தராசுக்கம்பு நிற்கவில்லை. மறுபடி நகர்த்தினார்.

"ஏனுங்க, பின்னாடி கொரங்கு கிரங்கு தொங்குதுங்களா? நிக்கவே மாட்டீங்குது. நாப்பத்தஞ்சு கூடக் காட்டுது, அம்பது காட்டுது, எறங்குது, மறுக்கா ஏறுது. யாரோ மேடை மேல நின்னு மூச்சு வாங்கறாப்பல..."

சொல்லிக்கொண்டே வெளியே வந்து, சக்கரத்தருகில் குனிந்து பார்த்தார்.

நிமிர்ந்தார். அறையைப் பூட்டினார், பூட்டத் தெரியாதவர்போல் மூன்று தடவை பூட்டினார். செருப்பை அங்கேயே விட்டுவிட்டு, கொதிக்கும் தார்ரோட்டில் வெறுங்காலோடு மண்டிப் பக்கம் நடந்தார். பிறகு ஓடினார்.

நரசிம்மலு இறங்கிப்போய்ப் பார்த்தார். டயர் இருந்தது. மேடை இருந்தது. வேறு ஒன்றும் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை.

நாளைக்குப் பெட்டி போய்விடும். அதற்குள் அவளைக் கேட்டுவிட வேண்டும். எங்கே இருக்கிறாய் என்று கேட்டுவிட வேண்டும். கேட்கிற இடம் ஒன்றுதான் இருந்தது.

கல்லாறு தாண்டும்போதே பாக்குத்தோப்புகளின் மேலிருந்து மேகம் இறங்கிவிட்டது. மணி மூன்றுதான், ஆனாலும் விளக்குப் போட வேண்டியிருந்தது. அழுகிய பலாவின் வாசனையும் ஈர இலைகளின் வாசனையும் சூடான எண்ணெயின் வாசனையும் ஒன்றாகக் கலந்து உள்ளே வந்தன. எங்கோ மேலே மலைரயில் ஊதியது பக்கத்தில் ஊதியதுபோலவும், ஊதி முடித்த பின்னும் ஊதிக்கொண்டிருப்பதுபோலவும் கேட்டது. வண்டி இரண்டாவது கியரிலேயே ஏறியது. முதல் வளைவில் ஒன்றாவதுக்கு இறங்கியது. அவர் எண்ணுவதை நிறுத்திவிட்டார். பின்னால் அந்தச் சத்தம். இழுபடும் சத்தம். ஈரம் இல்லை இப்போது. காய்ந்து, எலும்பில் உரசுவதுபோல.

இரண்டாவது வளைவு. குரங்குகள் தடுப்புச் சுவரில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒன்றுகூட வண்டியைப் பார்க்கவில்லை. வண்டிக்குப் பின்னால் பார்த்தன.

மூன்றாவது வளைவு.

நிறுத்தினார். கியரில் விட்டார். என்ஜினை அணைத்தார்.

கை பிரேக்குக்குப் போனது. போடவில்லை. உருளட்டும் என்று நினைத்தார். அவளுக்கு எது நடந்ததோ அது தனக்கும் நடக்கட்டும். பிரேக்கிலிருந்து காலை எடுத்தார்.

வண்டி நகரவில்லை.

காத்திருந்தார். என்ஜின் சூடு டிக் டிக் என்று ஆறியது. இந்த வண்டி நிற்காது. என்ஜின் இல்லாமல் நிற்கவே நிற்காது. ஊருக்கே இப்போது அது தெரியும்.

நின்றது.

இறங்கினார். கதவைச் சாத்தினார். வண்டியின் பக்கவாட்டில் கையை வைத்துக்கொண்டு பின்னால் நடந்தார். இரும்பு குளிர்ந்திருந்தது. லேசாக அதிர்ந்தது. பாரம் தாங்கும் கைபோல.

பின்சக்கரத்துக்கும் ரோட்டுக்கும் நடுவே ராமாமணி குனிந்து மண்டியிட்டிருந்தாள். இரண்டு உள்ளங்கையும் டயரில். முகம் டயரில். புடவை என்று சொல்ல நாலைந்து நூல். முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. ரோடு தேய்த்துவிட்டிருந்தது. கோயமுத்தூர் ரோடு. கருமத்தம்பட்டி ரோடு. அவர் கதை சொல்லிச் சிரித்த ரோடெல்லாம்.

"ஏனுங்க." மூச்சு வாங்கியது. "வண்டி நவுருதுங்க. எறங்கிப்போடுங்க. நான் புடிச்சுக்கறேன்."

"எறங்கிட்டேன் அம்மணி. இங்க இருக்கறேன். விட்டுரு."

"சீக்கிரம் எறங்கிப்போடுங்க. நான் புடிச்சுக்கறேன்."

அவர் ஓடினார். தடுப்புச் சுவரிலிருந்து பெயர்ந்து கிடந்த கல்லைத் தூக்கினார். இரண்டு ஆள் தூக்கும் கல். சக்கரத்துக்குக் கீழே வைத்தார். இன்னொன்று. இன்னொன்று. உதைத்து இறுக்கினார். வண்டி கல்லில் உட்கார்ந்தது. இனி எங்கும் போகாது.

"பாரு. கல்லு வெச்சாச்சு. கைய எடு, ராமா. கைய எடு."

அவள் எடுக்கவில்லை. அவர் அந்த விரல்களைப் பிடித்து இழுத்தார். குளிர்ந்திருந்தன. நெகிழவில்லை. "நான் புடிச்சுக்கறேன்," என்றாள் அதே மூச்சில். அவள் பக்கத்தில் ரோட்டில் படுத்து, தன் முகத்தை அவள் முகத்தருகே கொண்டுபோனார். பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அழுதார். கத்தினார்.

அவள் தலையைத் திருப்பினாள்.

நெற்றியிலிருந்து தாடைவரை டயரின் வரிப்பள்ளங்கள். நடுவே கண்கள் திறந்திருந்தன. ஒரு சாண் தூரத்தில் இருந்த அவரை அவை பார்க்கவில்லை. அவர் தோளுக்கு மேலாக, வண்டியின் நீளம் முழுக்கக் கடந்துபோய், மூடிக் கிடந்த டிரைவர் கதவில் நிலைத்திருந்தன. அது திறந்து அவர் இறங்கட்டும் என்று.