ஒரு உறவும் இல்லை

"பேங்குக்குப் படம் எடுத்தது போதும்... கிளம்புங்க!"

கதவைத் திறந்த வேகத்தில் லொரெட்டா எரிந்து விழுந்தாள். மழையில் தொப்பலாக நனைந்த ஒருவன் அவள் வீட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவள் இன்னும் குடியிருக்கிறாளா என்று மாதாமாதம் படமெடுத்துப் போகும் வங்கி ஆள் என்று நினைத்துவிட்டாள்.

"பேங்க் ஆளு இல்லீங்க... நான் எம்மெட். இந்த வீட்டை வாங்கப்போறவன். மழையில கூரை ஒழுகுதான்னு பார்க்க வந்தேன்."

"தெருவுல நின்னா எப்படித் தெரியும்? உள்ள வாங்க, ஒழுகுற இடத்தை நானே காட்டுறேன்."

விற்கிறவள் பேசுகிற பேச்சா இது! அவன் சிரித்துவிட்டான். சாம்பல் நிறக் கண்கள்... இமையில் ஒரு மழைத்துளி... லொரெட்டா துண்டு எடுக்கும் சாக்கில் திரும்பிக்கொண்டாள்.

மொடெஸ்டோ நகரில் அந்த வருடம் தெருவுக்கு நாலு வீடு இப்படித்தான். கடனைக் கட்ட முடியாது; விற்றாலும் கடன் அளவுக்கு வீடு விலைபோகாது. குறைந்த விலைக்கு விற்க வங்கி சம்மதிக்க வேண்டும். வங்கியோ மாதக்கணக்கில் வாய் திறக்காது. வாங்க வந்து, காத்திருந்து அலுத்துப்போய் இரண்டு பேர் ஏற்கெனவே கழன்றுகொண்டார்கள். இவனும் போனால் வீடு ஏலத்துக்குத்தான் போகும். அவள் பேரும் கெடும்.

"நீங்களும் ஓடிடுவீங்களா?"

"நான் ஓடுற ஆள் இல்லீங்க."

ஓடவில்லைதான். அளவெடுக்க வந்தான், வேலியைச் சரிசெய்ய வந்தான், பிறகு காரணமே சொல்லாமல் வந்தான். ஞாயிறுதோறும் அவள் பொரித்த மலசாடா என்ற இனிப்பு அப்பத்தைத் தின்று, மீசையெல்லாம் சர்க்கரையாக உட்கார்ந்திருப்பான்.

"சமையலறைக்கு என்ன பெயின்ட் அடிக்கலாம்?"

"உங்க வீடு. என்னை ஏன் கேக்குறீங்க?"

"உன்னைத்தான் கேக்கணும்னு தோணுது..."

அவள் காது மடல் சூடானது. வீட்டுக்காகத்தானே வருகிறான், நாமாக ஏதாவது நினைத்துக்கொள்வானேன் என்று அடுத்த மலசாடாவை எண்ணெயில் போட்டாள்.

ஐந்தாம் மாதம் வங்கி சம்மதித்தது. வீட்டுத் தரகர் பெவர்லி நீட்டிய தாள்களிலெல்லாம் லொரெட்டா கையெழுத்துப் போட்டாள். மறுநாளே பெவர்லி போன் செய்தாள்.

"தங்கம், மனசைத் திடப்படுத்திக்கோ... அவன் பின்வாங்கிட்டான்."

அன்றைக்கும் மழை. வாசலில் எம்மெட் நின்றான்.

"ஓடுற ஆள் இல்லேன்னு சொன்னீங்களே!" அவள் குரல் உடைந்தது.

அவன் ஒரு தாளை நீட்டினான். வாங்குபவரும் விற்பவரும் வங்கிக்குச் சத்தியம் செய்து தரவேண்டிய தாள். இருவருக்கும் ஒரு உறவும் இல்லை, விற்றவர் மறுபடி அந்த வீட்டில் குடியிருக்க மாட்டார்...

"பேனாவை எடுத்தேன் லொரெட்டா... முடியல. உன்னோட இந்த வீட்டுல இருக்கணும்னுதான் அஞ்சு மாசமா ஆசைப்பட்டுக்கிட்டு இருக்கேன்."

"பாவி! முன்னாடியே சொல்லியிருந்தா வீடு வாங்க வேற ஆளைத் தேடியிருப்பேனே! ஏலத்துக்குப் போகாம வீடாவது தப்பிச்சிருக்கும்..."

"பயந்துட்டேன். வீடு விக்கணுமேன்னுதான் என்கிட்ட சிரிக்கிறியோன்னு நினைச்சேன். சரி... இப்பவே போய்க் கையெழுத்துப் போட்டுடட்டுமா? பெவர்லி இன்னும் ஆபீஸ்லதான் இருப்பா."

லொரெட்டா அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அதைப் படிக்க வேண்டியிருக்கவில்லை.

"வேண்டாம்," என்றாள். "நேத்து நான் போட்டுட்டேன், எம்மெட். ஒவ்வொரு வரியா படிச்சுட்டுத்தான் போட்டேன்... ஒரு உறவும் இல்லைன்னு. வீட்டுக்காக நான் சொன்ன பொய் ஒண்ணு போதும்."