நத்தையைத் தாண்டிய நடை

"அய்யோ... சூனியக்காரி!"

வாய் தவறி வந்துவிட்டது. பேருந்து நிறுத்தத்தில் மழைக்கு ஒதுங்கியிருந்த ஆராய்ச்சி மாணவி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மழையில் நீள நீளமாக எட்டுவைத்து வந்த பெண் நின்றாள். தோளை ஆட்டி வந்த அந்த நடை... நடைபாதையில் ஊர்ந்த நத்தையை மிதிக்காமல் தாண்டிய அந்தக் கால்... சந்தேகமே இல்லை.

"யாரைச் சொன்னீங்க?"

ஈர இமைகளுக்குள் பெரிய கண்கள். கோபமா, சிரிப்பா? ஒன்றும் பிடிபடவில்லை.

"உங்களை இல்லைங்க! ஒரு கார்ட்டூன் படம்... அதுல வர்ற சூனியக்காரி உங்களை மாதிரியே நடப்பா. நத்தையைக் கண்டா தாண்டுவா. இளவரசி மட்டும் மிதந்துக்கிட்டே வருவா. ஆம்பளை மாதிரி நடக்கிற பொண்ணுன்னா கெட்டவளாத்தான் இருக்கணுமா? அதைப் பத்திதான் ஆராய்ச்சி பண்றேன். அந்த நடையே ஒரு கேலிக்கூத்துன்னு எழுதியிருக்கேன்..."

"கேலிக்கூத்தா? அதை வரைஞ்சவ நான்தாங்க. 'கண்ணாடி முன்னால நீயே நடந்து பார்த்து வரை, கெட்டவளுக்கு அது போதும்'னார் டைரக்டர். தியேட்டர்ல எங்க அக்காவே விழுந்து விழுந்து சிரிச்சா. இப்ப நீங்க கட்டுரையே எழுதிட்டீங்க. ரொம்ப சந்தோஷம்."

"நான் உங்க பக்கம்தாங்க பேசுறேன்!"

"என் பக்கம் பேச என்னைக் கேட்டீங்களா? நான் ஒண்ணும் சாம்பிள் இல்லை."

விடுவிடுவென்று மழையில் இறங்கிவிட்டாள். நாலு எட்டுதான். பிறகு... தோள் ஒடுங்கியது. குட்டிக் குட்டி அடியாக நடந்தாள், இளவரசியைப் போல.

மாணவி அந்த அடிகளையே பார்த்தாள். கடவுள் ஆசையாகக் கொடுத்த நடையை ஒரே வார்த்தையில் பறித்துவிட்டோமே! அது சரி... யாரோ ஒருத்தி எப்படி நடந்தால் என்ன? தனக்கு ஏன் கண் கலங்குகிறது? புரியவில்லை. குடையை விரித்துக்கொண்டு ஓடினாள்.

"நில்லுங்க... மன்னிச்சிடுங்க. அந்த நத்தை கதையில இருந்ததா?"

"இல்லை. நானாச் சேர்த்தேன். கெட்டவளுக்கும் கொஞ்சம் இரக்கம் இருக்கட்டுமேன்னு... யாரும் கவனிக்கலை."

"நான் கவனிச்சேன். நூறு தடவை. ஆராய்ச்சிக்குன்னுதான் நினைச்சேன். ஆனா அந்த இளவரசன் மூஞ்சி எப்படி இருக்கும்னு கேட்டா... இன்னைக்கும் சொல்லத் தெரியலை."

"அதுக்கு என்ன அர்த்தம்?"

"தெரியலைங்க... ஒரே குழப்பமா இருக்கு. ஆனா பிடிச்சிருக்கு. நடையும்... நடக்கிறவங்களும்."

அவள் தோளை நிமிர்த்தி, நீளமாக ஓர் எட்டு வைத்தாள். குடை பின்தங்கிவிட்டது. மழையில் நின்று, திரும்பிப் பார்த்தாள்.

"நனையுறேன் பாருங்க... சீக்கிரம் வாங்க."