பிழையான வாசலில் ஒரு டெர்மின்

“எனக்காகத்தானே காத்திருக்கிறீர்கள்?”

மூச்சு வாங்க, ஜெர்மன் மொழியில் கேட்டாள் கம்சனா. நெற்றியிலிருந்து உருண்ட மழைத்துளி ஒன்று மூக்கு நுனியில் வந்து நின்றது. அதைத் துடைக்கக்கூட அவளுக்கு நேரமில்லை.

வாசல் வளைவின் கீழே குடையோடு நின்றவன் நிமிர்ந்து பார்த்தான். கண்கள்... அப்பப்பா, அவை என்ன கண்களா! உதடு சிரிப்பதற்கு முன்னமே அவை சிரித்துவிட்டன.

“ஆமாம்,” என்றான் அவனும் ஜெர்மனில். பிறகு சட்டென்று, “தமிழா?” என்றான்.

“ஓம்!”

அவ்வளவுதான். அவளுடைய பயம் பாதியாகக் குறைந்தது. ஹாலே நகரத்தில், மழை கொட்டும் ஒரு காலையில், தான் பார்க்க வந்த படிப்பு ஆலோசகரே தமிழராக அமைவதென்றால் சும்மாவா? முகத்தைப் பார்த்த மகிழ்ச்சியில் வாசல் இலக்கத்தைப் பார்க்க மறந்தாள் பெண். இந்த நாட்டில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கே உள்ள கோளாறு இது. ஊர் நிறைய வெள்ளைக்காரர் நடுவே ஒரு தமிழ் முகம் தெரிந்தால் போதும், நம்முடைய ஆள்தான் என்று கால் தானாக அங்கே போய்விடும்!

அவனுக்கும் அதே கோளாறு என்பதுதான் வேடிக்கை. அவளை அழைத்துக்கொண்டு நீண்ட முற்றத்தைக் கடந்தான். மரப்படிகள் ஏறி, பழைய கடதாசி மணக்கும் ஓர் அறையில் உட்காரவைத்து, சூடாகத் தேநீரும் கொடுத்தான்.

“முதல்ல குடிங்க. நனைஞ்சுட்டீங்க.”

இப்படிக் கனிவாகக் கேட்கும் ஓர் ஆளுக்காகத்தானே இத்தனை நாளும் அவள் மனசு காத்துக்கிடந்தது... மடை திறந்துவிட்டது.

“நான் ஒளிக்காமல் சொல்லுறன். எனக்கு டொக்டராக வேணும். பள்ளிக்கூடம் முடிச்ச நாளிலயிருந்து விண்ணப்பிக்கிறன், இடம் கிடைக்கேல்லை. சும்மா இருக்க ஏலாதெண்டு உயிரியல் படிச்சு பட்டமும் எடுத்திட்டன். இப்ப ஹம்பேர்க்கில, டயாலிசிஸ் வார்டில பகுதிநேர உதவியாளர் வேலை. பயிற்சிக்கெண்டு போனனான்... அப்பிடியே ஒட்டிக்கொண்டிட்டன்.”

“ஒரு நிமிஷம்... நீங்க...”

“பொறுங்கோ, சொல்லி முடிக்கிறன்! மருத்துவத்துக்கு ஆயத்தப்படுத்துற படிப்பு ரெண்டு இடத்தில இருக்கு. ஒண்டு உங்கட. வேலையை விட்டிட்டு வந்து, முழு வருசமும் இஞ்சயே இருந்து படிக்க வேணும். மற்றது ஹம்பேர்க்கில, பின்னேர வகுப்பு. வேலை செய்துகொண்டே படிக்கலாம். அப்பா ஹாலேதான் நல்லம் எண்டுறார். ஏன் தெரியுமோ?”

அவன் தலையாட்டினான். தெரியாது என்றா, சொல் என்றா... அவளுக்கு அது முக்கியமாகப் படவில்லை.

“கொலோன்ல, எங்கட தமிழ்ச் சங்கத்தில, மகள் டொக்டருக்குப் படிக்கிறா எண்டு அவர் எப்பவோ எல்லாருக்கும் சொல்லிப்போட்டார்! ஹம்பேர்க்கில எங்கட சனம் கனக்க. ஆராவது கண்டா மானம் போயிடுமாம். ஹாலேயில எங்களை ஆருக்குத் தெரியும்? ஒளிச்சிருந்து படிக்கலாம்.” அவள் குரல் இறங்கியது. “ஆனா வார்டில ஒரு நோயாளி அம்மா இருக்கிறா. நான்தான் பக்கத்தில இருக்க வேணும் எண்டு, எனக்கு லீவெண்டா முகத்தைத் தூக்கி வைச்சிருப்பா. அவையளை விட்டிட்டு வர எனக்கு மனமில்லை. இதை நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை...”

தேநீர் ஆறிப்போயிருந்தது. அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். சிரிப்பு போய், அந்தக் கண்களில் வேறொன்று வந்திருந்தது.

“ஸாரிங்க,” என்றான் மெதுவாக. “நான் ஸ்ரீஹரி. இங்க பழைய தமிழ்க் கையெழுத்துப் பிரதிகளை ஆராய்ச்சி பண்றேன். சுவடி பாக்க ஒரு தமிழ்ப் பொண்ணு வருவாங்கன்னு வாசல்ல நின்னேன். நீங்க தேடி வந்த ஆபீஸ்... பின் தெருவுல இருக்கு.”

“என்ன...? அப்ப ஏன் இவ்வளவு நேரமும் வாயை மூடிக்கொண்டு இருந்தனீங்கள்?”

“நீங்க மூச்சு விட்டாத்தானே நான் பேச முடியும்!”

“உங்களுக்கு விசரோ? ஐயோ கடவுளே, என்ர டெர்மின்!”

ஜெர்மனியில் டெர்மினை, அதாவது முன்கூட்டியே நேரம் குறித்த சந்திப்பை, தவறவிடுவது எவ்வளவு பெரிய பாவம் என்று இங்கே வாழ்கிறவர்களைக் கேட்டால் தெரியும். சாமியிடம்கூட மன்னிப்புக் கிடைக்கும்... குறித்த நேரத்துக்குப் போகாதவருக்குக் கிடைக்காது. கம்சனா பாய்ந்து எழுந்தாள். பையைக்கூட எடுக்காமல் படிகளில் இறங்கி ஓடினாள். பின்னாலேயே குடையோடு அவனும் ஓடிவந்தான்.

“லெஃப்ட்! லெஃப்ட்ல திரும்புங்க!”

“கதைக்காதையுங்கோ என்னோட!”

ஆனால் குடையை விட்டு அவள் விலகவில்லை. அவனோ குடை முழுவதையும் அவள் பக்கம் சாய்த்துவிட்டு, தான் தொப்பலாக நனைந்தபடி ஓடினான். கோபத்திலும் அதைக் கவனித்துத் தொலைத்தாள்.

உண்மையான ஆலோசகரின் பெயர் கெல்னர் அம்மையார். கண்ணாடிக்கு மேலால் அவளை ஏற இறங்கப் பார்த்தார். ஸ்ரீஹரி முந்திக்கொண்டு, தவறு முழுக்கத் தன்னுடையது, வாசலில் வழிமறித்தது தான்தான் என்று ஜெர்மனில் மன்னிப்புக் கேட்டான். சொட்டச் சொட்ட நின்று கேட்ட அந்த மன்னிப்பில் அம்மையார் கொஞ்சம் இளகினார்.

உள்ளே போன கம்சனா, மதிப்பெண்களைப் பற்றியும் தகுதித் தேர்வைப் பற்றியும் அச்சடித்தது போல ஒப்புவித்தாள். வார்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அம்மையார் பூசி மெழுகவில்லை. “ஏற்கனவே ஒரு பட்டம் பெற்றவர்களுக்கு மருத்துவத்தில் இடம் மிகவும் குறைவு. உங்களுக்கு அநேகமாக இன்னும் ஒரேயொரு நல்ல வாய்ப்புத்தான். எந்த இடத்தில் உங்களால் நன்றாகப் படிக்க முடியும் என்று யோசித்து, வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள்.”

ஒரேயொரு வாய்ப்பு... அதையே முணுமுணுத்தபடி வெளியே வந்தாள். பை வேறு ஸ்ரீஹரியின் அறையிலேயே கிடக்கிறதே என்று தலையில் அடித்துக்கொண்டு திரும்பினால்... கதவருகே, நெஞ்சோடு அணைத்த அவளுடைய பையோடு அவன் நின்றிருந்தான்.

“கோவம் போச்சா?”

“இல்லை.”

“சாப்பிட்டா போகுமா?”

சிரிக்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். சிரிப்பு அவளைக் கேட்டுக்கொண்டா வரும்?

அன்று பகல் இருவரும் சூப் குடித்தார்கள். மழை விட்டதும் சாலே ஆற்றங்கரையில் நடந்தார்கள். அவன் மாயவரத்துக்காரன். “எங்க ஊர் பக்கத்துல இருந்து முந்நூறு வருஷம் முன்னாடி ஜெர்மன் பாதிரியாருங்க இங்க எழுதி அனுப்பின லெட்டரைப் படிக்க நான் இவ்ளோ தூரம் வந்திருக்கேன் பாருங்க. எங்க அம்மாவுக்கு இன்னும் புரியல,” என்றான். அவள் ‘கதைக்கிறன்’ என்பதை அவன் சொல்லிப் பார்க்க, அவன் ‘ஆக்சுவலி’ என்பதை அவள் எண்ணிக் கேலி செய்ய... ரயில் நிலையம் இவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டதே என்று அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

ரயில் வழக்கம்போலப் பிந்தி வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அதற்காக நன்றி சொன்னாள்.

ஹம்பேர்க் வந்த பிறகு காலையில் கண் விழித்ததும் கை தொலைபேசியைத் தேடியது. ‘மழையா?’ என்று அவன் கேட்பான். ‘ஓம்’ என்பாள். அந்த ஒற்றை ‘ஓம்’மை அனுப்பிவிட்டு, எஸ்-பான் நகர ரயிலில் நின்றபடி தனக்குள் சிரிப்பாள். எதிரே இருப்பவர்கள் என்ன நினைத்தால் என்ன!

ஆனால் வெள்ளிக்கிழமை நெருங்கிக்கொண்டே வந்தது. ஹாலேயா, ஹம்பேர்க்கா? அப்பா ஹாலே என்கிறார். மனசும் ஹாலே என்கிறது... மனசு சொல்வது படிப்புக்காகவா? அந்தக் கண்களுக்காகவா? சீ, கம்சனா! ஒரு ஆம்பிளைக்காகவா நீ படிக்கிற இடத்தை முடிவெடுப்பாய்? தன்னைத் தானே ஏசிக்கொண்டாள். ஏசி என்ன, மனசு கேட்கவில்லை. வியாழன் மாலை அவனையே அழைத்துவிட்டாள்.

“நான் எங்க படிக்கட்டும்? நீங்கள் சொல்லுங்கோ.”

‘இங்க வாங்க’ என்று அவன் சொல்லுவான். சொல்லட்டும்... ஒரேயொரு தரம் சொல்லட்டும்.

“ஹம்பேர்க்,” என்றான் ஸ்ரீஹரி.

அவளுக்கு முகத்தில் அடித்தது போல் இருந்தது. “சரி. நன்றி.”

“கம்சனா, ஏன்னா அன்னிக்கு நீங்க என்கிட்ட...”

வைத்துவிட்டாள். வைத்த கையோடு அழுகையும் வந்தது. வேண்டாமாம்! நான் பக்கத்தில் வந்துவிடக் கூடாதாம்! இதற்கா தினமும் மழையா, வெயிலா என்று கேட்டான்? போகட்டும். இனி அவன் கூப்பிட்டாலும் எடுக்கப் போவதில்லை. அவன் கூப்பிட்டான். அவள் எடுக்கவில்லை.

மறுநாள் காலை வார்டில், அந்த அம்மா அவள் கையைப் பிடித்து இழுத்து, “ஏன் கண் வீங்கியிருக்கு? உட்கார் இங்கே,” என்றார். கம்சனா உட்கார்ந்தாள். இயந்திரம் சீராக ஒலித்துக்கொண்டிருந்தது. அந்தக் கையின் இளஞ்சூட்டில் அவளுக்குச் சட்டென்று ஒன்று நினைவு வந்தது... ‘அன்னிக்கு நீங்க என்கிட்ட...’

அன்றைக்கு அவனிடம் என்ன சொன்னேன்? இவர்களை விட்டுவிட்டு வர மனமில்லை என்று சொன்னேன். அப்பாவிடம் சொல்லவில்லை, கெல்னர் அம்மையாரிடம் சொல்லவில்லை... பிழையான ஆளிடம்தான் உண்மையைச் சொன்னேன். அவன் அதை அப்படியே பத்திரமாக வைத்திருந்து, எனக்கே திருப்பித் தந்திருக்கிறான். நான்தான் மடைச்சி!

இடைவேளையில் கொலோனுக்கு அழைத்தாள்.

“அப்பா, நான் ஹம்பேர்க்கிலதான் படிக்கப் போறன்.”

“பிள்ளை, அங்க எங்கட ஆக்கள்...” அப்பா குணசேகரம் பதறினார். “சங்கத்து ஞானசுந்தரம் அண்ணை கேட்டா நான் என்னத்தைச் சொல்லுறது?”

“மகள் இன்னும் டொக்டருக்குப் படிக்கத் தொடங்கேல்லை, அதுக்கு ஆயத்தப்படுத்துறா எண்டு சொல்லுங்கோ. இடம் கிடைச்சாலும் கிடைக்காட்டிலும் நான் ஒளிச்சிருந்து படிக்க மாட்டன் அப்பா. நோயாளியளுக்குப் பக்கத்தில இருந்தாத்தான் எனக்குப் படிப்பு ஏறும்.”

அப்பா மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

“உன்னை நினைச்சு எனக்கு ஒரு நாளும் வெட்கமில்லை மோனை. நான் அவசரப்பட்டுச் சொன்ன பொய்தான் என்னைத் துரத்துது. சரி... சங்கத்தில நானே சொல்லுறன். நீ படி.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஹம்பேர்க் வகுப்பில் பெயரைக் கொடுத்தாள். கெல்னர் அம்மையாருக்கு நன்றி சொல்லி எழுதினாள். பிறகு... அட, இன்னொரு வேலை பாக்கி இருக்கிறதே!

சனிக்கிழமை ஹாலேயில் மழை. அதே வாசல், அதே குடை. சுவடி பார்க்க வரும் யாரோ ஒரு பேராசிரியருக்காக ஸ்ரீஹரி நின்றிருந்தான். தூங்காத கண்கள். முற்றத்தில் தண்ணீர் தெறிக்க நடந்து வந்தவளைக் கண்டதும் குடையைத் தாழ்த்தக்கூட மறந்து விறைத்து நின்றான்.

“இண்டைக்கு ஆருக்காக நிக்கிறியள்?”

“கம்சனா...! நீங்க எப்படி...”

“பெயர் குடுத்திட்டன். ஹம்பேர்க்.”

“ஓ... ரொம்ப நல்லது,” என்றான். நல்லது என்று சொன்ன வாய்க்கும் அந்த முகத்துக்கும் சம்பந்தமே இல்லை.

“நல்லதெண்டா ஏன் முகம் கறுக்குது?”

“இல்லையே.”

“பொய்!”

அவன் பெருமூச்சு விட்டான். “சரி, பொய்தான். அன்னிக்கு ‘ஹாலே’ன்னு சொல்ல எனக்கு எவ்ளோ ஆசை தெரியுமா? வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லியிருந்தா நீங்க வந்திருப்பீங்களோ என்னவோ... நாளைக்கு அந்த ஒரு சான்ஸும் போயிருந்தா, அதுக்கு நான்தான் காரணம்னு ஆயுசுக்கும் என்னால நிம்மதியா இருக்க முடியாது. எனக்கு உங்களைப் பிடிக்கும் கம்சனா. ரொம்பப் பிடிக்கும். அதனாலதான் ஹம்பேர்க்.”

மழை இன்னும் கொஞ்சம் வலுத்தது. அவள் ஓரடி முன்னால் வந்து குடைக்குள் புகுந்தாள்.

“நான் சொல்லுறதையும் கேளுங்கோ. இடையில கதைக்கக் கூடாது.”

“முடியவும் முடியாது... நீங்கதான் மூச்சு விட மாட்டீங்களே!”

“ஹம்பேர்க்கை நல்லா யோசிச்சுத்தான் எடுத்தனான். உங்களை...” கண்களைத் தாழ்த்திக்கொண்டாள். பிறகு, இதற்காகத்தானே இவ்வளவு தூரம் வந்தோம் என்று நிமிர்ந்து நேராக அவனைப் பார்த்தாள். “உங்களை நான் யோசிக்கவே இல்லை. இந்த வாசல்ல கண்டவுடனயே எனக்காக நிக்கிற ஆள் இவர்தான் எண்டு நினைச்சிட்டன். இல்லையெண்டு சொன்னது நீங்கள்தான். இப்பவும் நான் பிழையான ஆளிட்டத்தான் வந்து நிக்கிறனோ?”

அவன் குடையை முழுதாக அவள் பக்கம் சாய்த்தான். அவன் தோள் நனையத் தொடங்கியது. இந்தத் தடவை அவள் விடவில்லை... அவன் கையைப் பிடித்துக் குடையை நடுவுக்கு இழுத்து, அந்தக் கையை அப்படியே பிடித்துக்கொண்டாள்.

“சரியான ஆள்தான்,” என்றான். பிறகு மெல்ல, “ஆனா ஹம்பேர்க் ரயில் எப்பவும் லேட்டா வருமே...”

“ஓம், பிந்தித்தான் வரும். நிப்பியளோ?”

“நிப்பேன்.”

முற்றத்தின் அந்தக் கோடியில், குடையில்லாமல் நனைந்துகொண்டு வந்த பேராசிரியர் இவர்களைப் பார்த்துக் கைகாட்டினார். இரண்டு பேருமே கவனிக்கவில்லை.