கடித்தால் என்ன ஆகும்?

மூன்றாவது ஸ்டூலின் கடைசிக் காலுக்கும் பெயிண்ட் அடித்து முடித்தபோது சுடர்விழிக்குக் கை வலித்தது. ஆனாலும் சிரிப்பு வந்தது. மூன்று குட்டி ஸ்டூல்களும் தக்காளிப் பழம் போலச் சிவந்து, வெயிலில் பளபளவென்று நின்றன.

சுடர்விழி ஆறாம் வகுப்பு படிக்கிறாள். கீழ்வேளூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அவளுடைய அம்மா அம்சம் அந்த ஊர் அங்கன்வாடியில் ஆசிரியை. அங்கே இருந்த பிளாஸ்டிக் நாற்காலிகள் ஒவ்வொன்றாக உடைந்துவிட்டன. அதனால் அப்பா முருகையன், வீட்டில் சும்மா கிடந்த இரண்டு பழைய மர பெஞ்சுகளை அறுத்து ஐந்து குட்டி ஸ்டூல்கள் செய்து கொடுத்தார். பெயிண்ட் அடிக்கும் வேலையைச் சுடர்விழி கேட்டு வாங்கிக்கொண்டாள்.

"எந்த பெயிண்ட்டுப்பா அடிக்கிறது?" என்று அன்று காலையில் கேட்டிருந்தாள்.

"டிராக்டர் கொட்டகையில ஒரு பழைய டப்பா கிடக்கும் பாரு. டிரெய்லருக்கு அடிச்சது போக மிச்சம். அதை எடுத்துக்க" என்று சொல்லிவிட்டு அப்பா வயலுக்குப் போய்விட்டார். அம்மாவுக்கு நாகப்பட்டினத்தில் கூட்டம்.

டப்பா முழுக்கத் துரு. ஒரு ஸ்பேனரையும் சுத்தியலையும் வைத்து மூடியைத் திறப்பதற்குள் அவளுக்கு வியர்த்துக் கொட்டியது. மேலே ஏடு கட்டியிருந்தது. அதை விலக்கினால், உள்ளே அருமையான சிவப்பு!

இன்னும் இரண்டு ஸ்டூல்கள்தான் பாக்கி. சுடர்விழி தண்ணீர் குடிக்க வீட்டுக்குள் போனாள். ஒரு சொம்புத் தண்ணீர் குடிக்கிற நேரம்தான். திரும்பி வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

முதல் ஸ்டூலைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருந்தாள் பிரகதீஸ்வரி.

பிரகதீஸ்வரி அடுத்த வீட்டு வானதி அக்காவின் மகள். பெயர்தான் நீளம். வயது ஒன்றரை. கையில் கிடைப்பதை எல்லாம் கடித்துப் பார்ப்பாள். செருப்பு, சீப்பு, சைக்கிள் டயர் எதுவும் தப்பாது. ஒருமுறை ஆட்டுக்குட்டியின் காதைக் கடித்துவிட்டாள். ஆடு அலறியதில் தெருவே கூடிவிட்டது. இன்று வானதி அக்கா களை எடுக்கப் போகும்போது, "இவ தூங்குறா சுடரு, ஒரு கண்ணு பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"ஐயோ, குட்டி!"

பிரகதீஸ்வரி நிமிர்ந்து சிரித்தாள். அவளுடைய ஆறு பற்களும் சிவப்பாக இருந்தன.

சுடர்விழி ஓடிப்போய்க் குழந்தையைத் தூக்கினாள். ஈரத் துணியால் பற்களைத் துடைத்தாள், நாக்கைத் துடைத்தாள். விரலை உள்ளே விட்டுப் பார்த்தாள். அந்த விரலையும் பிரகதீஸ்வரி ஒரு கடி கடித்தாள். வாயில் இருந்த சிவப்பு போய்விட்டது. ஆனால் ஸ்டூலின் ஓரத்தில், காய்ந்தும் காயாமலும் இருந்த பெயிண்ட்டில், ஒரு சின்னத் துண்டைக் காணவில்லை.

அது துணியில் இருக்கிறதா? இல்லை. தரையில்? இல்லை. அப்படியானால்?

டப்பாவைத் தூக்கித் திருப்பிப் பார்த்தாள். காகிதம் பாதி கிழிந்து, மீதி துருவோடு ஒட்டியிருந்தது. எந்தக் கம்பெனி, எந்த வருடம் என்று எதுவும் தெரியவில்லை. ஒரே ஒரு வரிதான் மிஞ்சியிருந்தது. ஆங்கில எழுத்துகளைக் கூட்டிக் கூட்டிப் படித்தாள். குழந்தைகளிடமிருந்து தள்ளி வைக்கவும் என்று போட்டிருந்தது.

பிரகதீஸ்வரி சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். தெருவில் யாருமே இல்லை. யாரும் எதையும் பார்க்கவில்லை.

'சொல்லாம விட்டுட்டா என்ன? இவதான் நல்லா இருக்காளே. சொன்னா வானதி அக்கா திட்டுவாங்க. அப்பா திட்டுவாங்க. ஸ்டூல் எல்லாம் வீணாப் போயிடும்.'

பிரகதீஸ்வரி லேசாக ஒரு தடவை இருமினாள்.

அவ்வளவுதான். சுடர்விழி அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையில் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வாய்க்கால் கரையோடு ஓட ஆரம்பித்தாள். ஓடும்போதே அழுகை வந்தது. வழுக்கி விழுந்துவிடக் கூடாது என்று கால் விரல்களை ஊன்றி ஊன்றி ஓடினாள்.

"அக்கா! வானதி அக்கா!"

வயலில் குனிந்திருந்த வானதி நிமிர்ந்தார்.

"பாப்பா பெயிண்ட்ட கடிச்சிட்டாக்கா. கொஞ்சூண்டு முழுங்கிட்டான்னு நினைக்கிறேன்."

வானதி சேற்றுக் காலோடு வரப்பில் ஏறி வந்து குழந்தையைப் பிடுங்கிக்கொண்டார். "பாத்துக்கன்னுதானேடி விட்டுட்டுப் போனேன்! என்ன பெயிண்ட்டு? எப்ப?"

"இப்பதாங்க்கா. தண்ணி குடிக்கப் போனேன்..."

பக்கத்து வயலில் இருந்த முருகையன் சத்தம் கேட்டு வந்தார். அதிகம் கேள்வி கேட்கவில்லை. மேட்டில் நின்ற பைக்கை எடுத்தார். வானதி குழந்தையோடு பின்னால் ஏறிக்கொண்டார்.

"நீ வீட்டுக்குப் போ, சுடரு."

"இல்லப்பா, நானும் வர்றேன். டாக்டர் என்ன பெயிண்ட்டுன்னு கேப்பாங்க. டப்பா என்கிட்டதான் இருக்கு."

அப்பா ஒரு நொடி அவளைப் பார்த்தார். "முன்னால ஏறு."

ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பத்து நிமிடப் பயணம். அன்றைக்கு அது முடியவே மாட்டேன் என்றது. எதிரே வைக்கோல் வண்டி ஒன்று சாலையை அடைத்துக்கொண்டு வந்தது. பின்னால் பிரகதீஸ்வரியின் சத்தமே இல்லை. சுடர்விழிக்குத் திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. பிறகு "ப்ப்பூ" என்று குழந்தை வாயால் ஹாரன் அடிக்கும் சத்தம் கேட்டது. அப்போதுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

டாக்டர் அம்மா குழந்தையின் வாயைப் பார்த்தார். மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். டப்பாவை முகர்ந்தும் பார்த்தார்.

"இதைக் கொண்டு வந்தது நல்லதாப் போச்சு. எவ்வளவு கடிச்சா?"

சுடர்விழி தன் சுண்டுவிரல் நகத்தைக் காட்டினாள். "இதுல பாதிங்க."

"நெஞ்சுல சத்தம் ஒண்ணும் இல்ல. இப்போதைக்கு நல்லா இருக்கா. வாந்தி எடுத்தாலோ, விடாம இருமினாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே தூக்கிட்டு வாங்க. நாளைக்கு ஒரு தடவை எப்படியும் காட்டுங்க."

"அந்த ஸ்டூல் நல்லாக் காஞ்ச பிறகு புள்ளைங்க உக்காரலாமா?" என்று முருகையன் கேட்டார்.

"வேண்டாங்க. பழைய பெயிண்ட்டுல ஈயம் கலந்திருக்கும். காஞ்சாலும் அது போகாது. தினமும் துளித்துளியா வயித்துக்குள்ள போனா, புள்ளைங்க மூளை வளர்ச்சியே கெட்டுடும்."

"சுரண்டி எடுத்துடட்டுமா?"

"சுரண்டினா தூள் பறக்கும். அது இன்னும் மோசம்."

முருகையன் தலையைச் சொறிந்தார். "நான்தான் அந்த டப்பாவை எடுத்துக்கச் சொன்னேன்" என்று மெதுவாகச் சொன்னார்.

மறுநாள் பொழுது விடிந்ததும் சுடர்விழி அடுத்த வீட்டுக்கு ஓடினாள். பிரகதீஸ்வரி தட்டில் இருந்த இட்லியை விட்டுவிட்டுத் தட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"ராத்திரி நல்லாத் தூங்குனா" என்றார் வானதி. "இப்ப டாக்டர்கிட்ட காட்டப் போறோம்." பிறகு ஒரு இட்லியை எடுத்துச் சுடர்விழியிடம் நீட்டினார். "சாப்பிடு. நேத்திக்கு ரொம்பக் கத்திட்டேன், இல்ல?"

சுடர்விழி தலையை ஆட்டினாள். ஆமாம் என்பதா, இல்லை என்பதா என்று அவளுக்கே தெரியவில்லை. இட்லி மட்டும் உள்ளே இறங்கியது.

டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று சொல்லும் வரை அவள் ஸ்டூல் வேலை எதையும் தொடவில்லை. அந்தச் சேதி வந்த பிறகுதான் அப்பாவோடு கீழ்வேளூர் கடைத்தெருவுக்குக் கிளம்பினாள். கமருன்னிஸா அம்மாவின் பெயிண்ட் கடையில் ஞாயிற்றுக்கிழமையும் வியாபாரம் உண்டு.

"மர ஸ்டூலுக்கா? இந்தாங்க, இது ரெண்டு மணி நேரத்துல காஞ்சிடும். கண்ணாடி மாதிரி மின்னும்" என்று ஒரு டப்பாவை எடுத்து வைத்தார் கமருன்னிஸா.

"இதைக் கடிச்சா என்ன ஆகும்?" என்று கேட்டாள் சுடர்விழி.

கமருன்னிஸா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அவளைப் பார்த்தார். "பெயிண்ட்ட யாரும்மா கடிப்பா?"

"எங்க ஊர்ல ஒருத்தி இருக்காங்க."

அப்பா நடந்ததைச் சொன்னார். கமருன்னிஸா அந்த டப்பாவை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். பிறகு மூன்று டப்பாக்களைக் கொண்டுவந்தார். அவரும் சுடர்விழியுமாகச் சேர்ந்து பொடி எழுத்துகளைப் படித்தார்கள். முதலாவது, சுவருக்கு மட்டும். இரண்டாவதில் ஈயத்தைப் பற்றி ஒன்றுமே போடவில்லை. மூன்றாவது, தண்ணீரில் கரைத்து அடிப்பது. ஈயம் சேர்க்காதது, குழந்தைகளின் பொம்மைக்கும் அடிக்கலாம் என்று அதில் எழுதியிருந்தது.

"தண்ணில கரையும்னா, சாம்பார் கொட்டினா அழிஞ்சிடுமா?"

"காஞ்ச பிறகு கரையாது. ஆனா கறை பிடிக்கும்."

சுடர்விழி குரலைத் தாழ்த்தினாள். "உக்காந்த இடத்துலயே ஒண்ணுக்குப் போயிட்டா?"

கமருன்னிஸா வாய்விட்டுச் சிரித்தார். "அதுக்குத்தான் மேல ஒரு பூச்சு இருக்கு. தண்ணி மாதிரி நிறமே இருக்காது. இதுவும் பொம்மைக்கு அடிக்கிறதுதான். ரெண்டு தடவை அடிச்சிட்டா ஈரம் உள்ள இறங்காது, துடைச்சு எடுத்துடலாம். ஆனா ஒண்ணு, தொட்டா காஞ்ச மாதிரிதான் இருக்கும். நல்லா இறுகறதுக்கு ஒரு வாரம் ஆகும்."

"ஒரு வாரமா?" என்றார் அப்பா. "நாளைக்கே ஸ்டூல் வரும்னு உங்கம்மா புள்ளைங்ககிட்ட சொல்லி வச்சிருக்காளே."

"புள்ளைங்க பாயிலயே உக்காரட்டும்ப்பா" என்றாள் சுடர்விழி.

சிவப்பு ஸ்டூல்கள் மூன்றும் டிராக்டர் கொட்டகைக்குள் போயின. டீசல் கேன் வைக்க அப்பாவுக்கு உதவும். ஓர் உடைந்த கதவை அறுத்து, வேறு மூன்று ஸ்டூல்கள் செய்தார். சுடர்விழி மஞ்சளும் நீலமுமாக அடித்தாள். மேல்பூச்சு இரண்டு தடவை. பிறகு எல்லாவற்றையும் பரண் மேல் ஏற்றி வைத்தாள். அந்த வாரம் முழுக்க அங்கன்வாடிப் பிள்ளைகள் "ஸ்டூல் எங்க டீச்சர்?" என்று கேட்டுக் கேட்டு அம்சத்தைப் படுத்தி எடுத்தார்கள். "இன்னும் ரெண்டு நாள்தான் சுடரு, குடுத்துடலாமாடி?" என்று அம்மாவே ஒருமுறை கேட்டுப் பார்த்தார். "ஏழு நாள்மா" என்று சொல்லிவிட்டாள் சுடர்விழி.

எட்டாம் நாள் காலையில் பள்ளிக்கூடம் போகும் வழியில் ஐந்தையும் கொண்டுபோய் இறக்கினார்கள். பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து பாட்டுப் பாடுவார்கள் என்று நினைத்திருந்தாள் சுடர்விழி. அவர்களோ ஸ்டூல்களை ஒன்றன்பின் ஒன்றாக இழுத்துப் போட்டார்கள். ஒரு ஸ்டூலுக்கு இரண்டு பேராக நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். முதல் ஸ்டூலில் இருந்த பையன் சோற்றுத் தட்டைப் பிடித்துத் திருப்ப ஆரம்பித்தான்.

"திருவாரூர், திருவாரூர்! ஏறுங்கக்கா, பஸ் கிளம்பப் போவுது!"

சுடர்விழி புத்தகப் பையைத் தோளில் மாட்டியபடியே ஏறிக்கொண்டாள். உட்கார இடமில்லை. திருவாரூர் வரைக்கும் நின்றுகொண்டே போனாள்.