இரண்டாம் மாடிக் கயிறு

இழுபட்டு வந்த வெறுங்கயிறு கனத்தது.

மனுவேல் கையை நிறுத்தினான். கீழே பின்சந்தில் மகள் ஹில்டா பாட்டு முனகுவது கேட்டது. அவள் பத்திரமாக இறங்கி, கயிற்று வளையத்திலிருந்து வெளியே வந்து, இரண்டு முறை சுண்டியும் காட்டிவிட்டாள். பிறகு ஏன் கனம்? மறுபடி இழுத்தான். பாதி தூரத்தில் கனம் கழன்றுபோனது. மேலே வந்த வளையத்தில் ஒன்றுமில்லை. அழுகப்போட்ட சிப்பியின் வாடை மட்டும் லேசாக அடித்தது.

"என்னத்த மோந்து பாக்கிய?" என்றாள் அவன் மனைவி பிலோமி. "தெருவே சிரிக்கு. படி இருக்கிற வீட்டுல, சங்கு குளிக்க இறக்குத மாதிரி பிள்ளைய ஜன்னல் வழியா இறக்குதிய."

"மரப்படிளா அது. கீழ பஞ்சு பத்துனா எந்த வழியா போவ?"

வீட்டுக்குக் கீழே இரண்டு தளமும் கழிவுப் பஞ்சைச் சேர்த்துவைக்கும் கிட்டங்கி. அடுத்த தெருவில் இப்படியொரு கிட்டங்கி எரிந்தபோது, மாடியில் குடியிருந்த தாயையும் பிள்ளையையும் படிக்கட்டில்தான் எடுத்தார்கள். தூக்கியவர்களில் மனுவேலும் ஒருவன். மறுநாளே பின்ஜன்னல் கம்பிகளை அறுத்தெறிந்தான்.

சங்குத் தோணியில் அவன் கயிறு பிடிப்பவன். தண்ணீருக்குள் போனவன் கண்ணுக்குத் தெரியமாட்டான், கயிறுதான் பேசும். சுண்டினால் இழுக்க வேண்டும். யோசித்தால் ஆள் செத்துப்போவான். தெரிந்த ஒரே தொழிலை வீட்டுக்குக் கொண்டுவந்து, தீப்பிடித்தால் தப்பிக்க ஒத்திகை பார்த்தான். முதலில் மகள், பிறகு மனைவி, கடைசியில் அவன். சந்தின் தரையும் ஜன்னலிலிருந்து தெரியாது. கீழ்த்தளத்தின் சன்ஷேடு மறைக்கும்.

புதன்கிழமை மத்தியானம், உப்புக்காற்று நின்று தெரு முழுக்க ஆள் அரவமின்றிக் கிடந்த நேரத்தில், தரைப்பலகை இடுக்குகளின் வழியே சாம்பல் நிறத்தில் ஏதோ நூல் நூலாக எழும்பி, கருகிய துணியின் நெடியாக அறையெங்கும் பரவி, தூங்கிக்கொண்டிருந்தவனின் தொண்டையில் போய் உட்கார்ந்தது. கதவைத் திறந்தான். படிக்கட்டு இல்லை. புகைதான் இருந்தது. சாத்தினான்.

ஹில்டாவை வளையத்தில் ஏற்றி இறக்கினான். கயிறு தளர்ந்தது. இரண்டு முறை சுண்டியது.

இழுத்தான். கனத்தது.

பிலோமி முந்தானையால் மூக்கைப் பொத்தியபடி அவன் முதுகில் ஒட்டி நின்றாள். "சீக்கிரம் இழுங்க."

"கனமா இருக்குளா. பிள்ள இன்னும் இறங்கலியோ?"

"ஏளா ஹில்டா" என்று அவள் குரல் கொடுத்தாள்.

"சந்துலதான் நிக்கேன்மா" என்றது கீழிருந்து. "நீங்க வாங்க."

பிலோமி அவன் கையைப் பார்த்தாள். கயிறு விறைத்து நின்றது. "பின்ன கயித்துல யாரு?"

மனுவேல் இன்னும் இழுத்தான். இந்தத் தடவை பாதி தூரம் கடந்தும் கனம் கழலவில்லை. சிப்பி வாடை புகையையும் மீறி வந்தது. விட்டுவிடலாம். விட்டால் அது மகள் நிற்கிற இடத்தில் விழும்.

"ஹில்டா, தெருவுக்கு ஓடு."

"நீங்க வராம நான் போமாட்டேன்பா."

முதுகில் சூடு. கதவின் பெயிண்ட் கொப்பளித்து வெடித்தது. பிலோமி இருமினாள். இருமிக்கொண்டே இருந்தாள்.

"போளா. ஓடு."

"மாட்டேன்."

கயிறு சுண்டியது. ஒன்று. இரண்டு.

அவன் யோசிக்கவில்லை. கைகள் இழுத்தன. ஒரு பாகம் கயிறு வந்தது. இன்னொரு பாகம். பிலோமி வேண்டாம் என்று அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். கைகள் நிற்கவில்லை.

சன்ஷேடின் விளிம்பில் விரல்கள் வந்தன. நான்கு. தண்ணீரில் ஊறி வெளுத்து, நகம் கழன்ற விரல்கள். சிமெண்டைத் தடவிப் பார்த்தன. பக்கத்தில் இன்னும் நான்கு. அழுத்திப் பிடித்தன.

கயிறு அவன் கையில் தளர்ந்து தொங்கியது. அதற்கு இனிக் கயிறு வேண்டாம்.